அதிபர் இல்லத்துக்கு நான் இட்ட சாபம்

சாபம் எழுதுவதில் நான் கெட்டிக்காரி. இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லக்கூடாதா என்று அம்மா கேட்பார். கூடாது. சிலருக்குக் கோலம் கைவரும், சிலருக்குக் கணக்கு கைவரும், எனக்குக் கைவந்தது சாபம். ஒரு மோதிரத்தையோ பல்லுடைந்த சீப்பையோ என்னிடம் கொடுத்துப் பாருங்கள். அதை வைத்திருப்பவன் எப்படிக் கெட்டுக் குட்டிச்சுவராகப் போவான் என்று பத்து நிமிடத்தில் நாலு வரி எழுதித் தந்துவிடுவேன், எழுத்துப்பிழை இல்லாமல்.

பயப்பட வேண்டாம். (கலஹா பக்கத்தில் எங்கள் சொந்தக்காரர் சிலர் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.) நான் எழுதுவது ஒரு விளையாட்டுக்கு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: ஒருத்தி வீராங்கனை, ஒருவன் திருடன், இன்னொருவன் மந்திரவாதி. குகைக்குள் போவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். போனால் தலை தப்புமா என்பதை இருபது முகமுள்ள பகடை முடிவெடுக்கும். உள்ளே வாள், கிரீடம், பெட்டி என்று மந்திரப் பொருட்கள் கிடைக்கும். அவற்றில் சில சபிக்கப்பட்டவை. அந்தச் சபிக்கப்பட்டவைதான் என் இலாகா.

அதில் நடந்த ஒரு விபரீதத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்பு அப்போதே கேட்டாயிற்று. அம்மா பின்னால் நின்று முதுகில் கிள்ளிக் கேட்க வைத்த மன்னிப்பு என்பதால் அது செல்லாது என்பது என் கட்சி.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. கண்டி டவுனில், சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு கடையில் வேலை. கேடயம், வெற்றிக் கிண்ணம், வீட்டுப் பெயர்ப்பலகை என்று எதைக் கொண்டு வந்தாலும் எழுத்து வெட்டிக் கொடுக்கும் கடை. கம்ப்யூட்டரில் நான் எழுத்தை அடுக்கிக் கொடுப்பேன், மிஷின் பித்தளையில் வெட்டும். எங்கள் முதலாளி சிங்களவர், நல்ல மனிதர், பித்தளைத் துண்டு ஒன்றைக்கூட எறிய மனம் வராதவர். பெயரில் பிழை விட்டு ஒரு தகடு கெட்டுப்போனால் திட்ட மாட்டார். "அனித் பெத்த" என்பார், அவ்வளவுதான். மறுபக்கத்தைத் திருப்பி வெட்டு என்று அர்த்தம். கண்டியில் எத்தனையோ பாடசாலைகளில், நூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாமிடம் என்று கண்ணாடி அலுமாரிக்குள் மின்னும் கேடயங்களின் முதுகில் வேறு யாருடையவோ பெயர் பிழையாக இருக்கிறது. எனக்குத் தெரியும், பாதி நான் விட்ட பிழை.

ஞாயிற்றுக்கிழமையானால் திகனவுக்குப் பஸ் ஏறிவிடுவேன். அங்கே என் சிநேகிதி நுஸ்ராவின் வாப்பாவுக்கு ஹார்ட்வெயார் கடை. மேல்மாடியில், பெயின்ட் வாளிகளுக்கும் குழாய்க் கட்டுகளுக்கும் நடுவே மேசை போட்டு நாங்கள் நாலு பேர் ஆடுவோம். கதை சொல்வது நான். நுஸ்ரா வீராங்கனை. அந்த வீராங்கனைக்கு ஒரு வியாதி இருந்தது, வாய்ப்பெருமை. குகையில் கொன்றது ஒரு ஓநாயாக இருக்கும், ஊருக்குள் வந்து சொல்லும்போது ஏழாகியிருக்கும். அவளுக்கென்றே ஒரு சாபப் பொருள் செய்தேன். கடதாசியில் எழுதிக் கொடுத்தால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்று, முதலாளியிடம் கேட்டு, அகலமான ஒரு பித்தளைத் தகட்டிலேயே வெட்டிக்கொண்டு போனேன். வாசலில் மாட்டும் தகடு. அதில் இருந்தது இதுதான்:

இத்தகட்டைத் தாங்கும் வீட்டில் சோற்றுப் பானை வற்றாது.
வீட்டுத் தலைவர் பேசும் ஒவ்வொரு பெருமைக்கும் நாவிலிருந்து ஒரு சொல் உதிரும்.
சொல் தீர்ந்த நாளில் தகடு அடுத்த வாசலைத் தேடும்.

இவற்றுக்குக் கீழே, விளிம்போரமாக, எறும்பு அளவு எழுத்தில் இன்னொரு வரி: பிறரை மனமார வாய்விட்டுப் புகழ்ந்தால் உதிர்ந்தவை திரும்பும்.

நுஸ்ராவின் வீராங்கனை தன் கோட்டை வாசலில் அதை மாட்டிய மூன்றாவது வாரமே ஊமையாகிவிட்டாள். கழற்றி எறியலாம்தானே என்று மற்றவர்கள் கேட்டார்கள். சோறு வற்றாத பானையை யார் விடுவார்கள்? "கழட்டவும் மனசு வருதில்ல, வெச்சிக்கவும் பயமா ஈக்குது," என்று நுஸ்ரா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் பாராட்டு அதுதான். அந்தக் கதை முடிந்ததும் தகடு கடைக்குத் திரும்பி, என் மேசை லாச்சிக்குள் படுத்துக்கொண்டது.

இனி என் அக்காவுக்கு வருகிறேன். யோகா அக்கா பேராதனைக்கு வேலைக்குப் போய் வந்த பஸ்ஸில் சிவா மச்சானைச் சந்தித்தார். காதலானது ஒரு மாதத்தில், சம்மதம் கிடைத்தது ஐந்து வருடத்தில். மச்சானின் அப்பா நாவலப்பிட்டியில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். ஒரு பெரிய பாடசாலையை ஒழுங்காக நடத்தியவர், தோட்டத்துப் பிள்ளைகள் பலரைப் பல்கலைக்கழகம் அனுப்பியவர், அதை யாரும் மறுக்க முடியாது. மறுக்க அவர் இடமும் கொடுக்க மாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால், நாம் திரும்பவும் செருப்பை மாட்டும்வரை அவர் சாதனைகள்தான். ஐந்து வருடமும் அக்கா அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதிபரின் சொந்தக்காரர்கள் சொன்ன எதற்கும் பதில் சொல்லவில்லை. வந்த வரன்களை எல்லாம் அம்மாவின் அழுகைக்கு நடுவிலேயே வேண்டாம் என்றார். கடைசியில் அதிபர் இறங்கி வந்தார். கல்யாண நாளும் குறித்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து அவர்கள் வீட்டைப் புதுப்பித்துப் பால் காய்ச்ச ஏற்பாடு செய்தார்கள். நம் பக்கத்திலிருந்து என்ன கொடுப்பது என்று அம்மா யோசித்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பித்தளையில நேம்போர்ட் அடிச்சுக் குடுத்துரலாம்மா, நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

விஷயம் மாமாவின் காதுக்குப் போனதும் (அதிபரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்) பலகையில் என்னென்ன வர வேண்டும் என்று எழுதி அனுப்பினார். மறுநாள் திருத்தி அனுப்பினார். அதற்கு மறுநாள் திருத்தத்துக்குத் திருத்தம் வந்தது. 'அதிபர் இல்லம்' என்று பெரிதாக, கீழே பெயர், பிறகு பட்டம், டிப்ளோமா, அகில இலங்கை சமாதான நீதவான், வாசிகசாலைத் தலைவர், கோயில் பரிபாலன சபையின் முன்னாள் செயலாளர் என்று இறங்கிக்கொண்டே போனது. இத்தனையையும் தாங்க அகலமான தகடு வேண்டும். அகலமான தகடு கடையில் தீர்ந்துபோயிருந்தது. கொழும்பிலிருந்து அடுத்த கிழமைதான் வரும். பால் காய்ச்சுவது இந்த வெள்ளிக்கிழமை.

லாச்சியைத் திறந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: உனக்கு அறிவே இல்லையா? இருந்தது. நாலு திருகாணி போட்டுச் சுவரோடு சுவராக இறுக்கப்போகும் தகட்டின் முதுகை எவன் பார்க்கப் போகிறான் என்று அறிவோடுதான் யோசித்தேன். எங்கள் தொழிலில் மறுபக்கம் என்பது பக்கமே இல்லை. அனித் பெத்த. ஒன்று மட்டும் சத்தியம், அந்தச் சாபத்தை நான் மாமாவை நினைத்து எழுதவில்லை. அவரோடு பழகிய பிறகு எழுதியிருந்தால், ஒவ்வொரு பெருமைக்கும் ஒரு சொல் என்று கஞ்சத்தனமாகப் போட்டிருக்க மாட்டேன். ஒரு பந்தி உதிரும் என்று போட்டிருப்பேன்.

பால் காய்ச்சிய அன்று தகடு வாசல் தூணில் தகதகவென்று நின்றது. சரியாகப் பதியட்டும் என்று மேசன் அதன் கீழ் விளிம்புக்குப் பின்னால் கொஞ்சம் சீமெந்தும் அப்பினார். மாமா காலையிலிருந்து மாலைவரை வந்தவர்களை எல்லாம் தூணடியில் நிறுத்தி, வரி வரியாக வாசித்து, ஒவ்வொரு பட்டமும் எப்படிக் கிடைத்தது என்று விளக்கினார். பிறகு உள்ளே கூட்டிப் போய்த் தரை ஓடு, ஜன்னல், தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் தானே யோசித்துச் செய்த கதையைச் சொன்னார். மறுநாள் காலையில் எழுந்து வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

டொக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, வீங்கிக் கிடக்கிறது, இரண்டு கிழமைக்கு மூச்சுக் காட்டக்கூடாது என்று மருந்து கொடுத்தார். யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. மாமா ஒரு அப்பியாசக் கொப்பியும் சிவப்புப் பேனையுமாக உட்கார்ந்துகொண்டார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஒன்பதாம் நாள் தூணுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், பித்தளையில் பெயின்ட் பட்டுவிடக்கூடாதே என்று கவனமாகத் தகட்டைக் கழற்றியிருக்கிறார். முதுகைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அவர் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவராம். அந்தக் குரலில் மூன்று வரியையும் நிறுத்தி நிதானமாக வாசித்திருக்கிறார். பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கிறது.

மருமகள் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே மாமனாருக்கு வாய்க்கட்டுப் போட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசியது. பெண் வீட்டார் கையால் கொடுத்த தகடு, பின்னால் செய்வினை, முன்னால் சமாதான நீதவான். அன்றைக்கே சிவா மச்சான் அக்காவுக்கு போன் எடுத்தார். தன் அப்பா கொப்பியில் 'திருமணம் நிறுத்தம்' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறார், தான் என்ன சொன்னாலும் அந்தக் கோட்டைத்தான் காட்டுகிறார் என்றாராம். செவ்வாய்க்கிழமை காலையில் குறி சொல்லும் கோடாங்கி ஒருவர் வந்து தகட்டைப் பார்த்துச் சொல்லப் போகிறார், நீங்களும் வந்து அதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு அழைப்பு வந்தது.

நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அம்மா, "என்னான்னு சொல்லுவ? விளையாட்டுக்குச் சூனியம் வச்சேன்னா?" என்று கேட்டார். பிறகு அவரே ஒரு திட்டம் போட்டார். தகட்டைக் கடையில் ஓர்டர் கொடுத்துச் செய்தோம், கடைக்காரர்கள் ஏதோ பழைய தகட்டைத் திருப்பி வெட்டித் தந்துவிட்டார்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பாதி உண்மைதானே என்று அப்பாவும் மனதைத் தேற்றிக்கொண்டார். இந்தத் திட்டத்தில் என் பங்கு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது மட்டும்தான்.

பஸ்ஸில் அக்கா கம்பளை வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கம்பளையில் பஸ் நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு வருஷம் நான் யாருக்கும் பதில் சொல்லாம இருந்தேன் தர்ஷி. நீ ஒரு மணித்தியாலம் இரு. அது போதும்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மாமா வீட்டு ஹோலில் கதிரைகளைச் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் வாழையிலை, அதன்மேல் கவிழ்த்து வைத்த என் தகடு, சுற்றிலும் எலுமிச்சம்பழம், மஞ்சள் தண்ணீர். மாமா கொப்பியோடு ஒரு பக்கம். அவர் மனைவியை நான் அத்தை என்பேன். அதிகம் பேசாதவர் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் கதவோரமாக நின்றார். சிவா மச்சான் அக்காவைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார். கோடாங்கி மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். உடுக்கும் ஜடாமுடியுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். இஸ்திரி போட்ட சேர்ட், மூக்குக்கண்ணாடி. ஹெல்மெட்டைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, ஒரு வங்கி அதிகாரி கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பதுபோலத் தகட்டைப் பார்த்தார்.

அம்மா கடைக் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். கோடாங்கி தலையாட்டினார். கடைக்காரன் தெரியாமல் செய்திருக்கலாம், எழுதியவன் வேறு ஆளாக இருக்கலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. மாமாகூடச் சிவப்புப் பேனையை மூடினார். அப்படியே விட்டிருந்தால் இரண்டு எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருப்போம்.

ஆனால் அந்த மனிதர் விமர்சனம் செய்ய ஆரம்பித்தார். இது கிழக்குப் பக்கமிருந்து வந்தது என்றார். பொறுத்துக்கொண்டேன். இதில் ஒரு நாகம் பேசுகிறது என்றார். மூன்று வரியில் எங்கே நாகம் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். அம்மா என் முழங்காலில் கை வைத்திருந்தார், அந்தக் கை எந்த நேரமும் கிள்ளத் தயாராக இருந்தது. அப்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் பயப்பட வேணாங்கய்யா. இது யாரோ கத்துக்குட்டி செஞ்ச வேலை. சாபத்தப் போட்டிருக்கான், விமோசனம் போடத் தெரியல. அரைகுறை," என்றார்.

கத்துக்குட்டி. அரைகுறை. நான் இரண்டு கிழமை தூங்காமல் யோசித்த விமோசனம்.

"விமோசனம் இருக்கு," என்றேன்.

ஹோலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அம்மா கிள்ளினார். அந்த இடம் பிறகு நீலம் பாய்ந்தது. ஆனால் நான் எழுந்துவிட்டேன். தகட்டை எடுத்து, கீழ் விளிம்பில் காய்ந்திருந்த சீமெந்தைத் தலை ஊசியால் சுரண்டிக்கொண்டே, எழுதியது நான்தான், நாகமும் கிடையாது கிழக்கும் கிடையாது, விமோசனம் இல்லாமல் நான் இதுவரை ஒரு சாபம்கூட எழுதியதில்லை என்றேன். அதோடாவது நிறுத்தினேனா? இல்லை. சபிக்கப்பட்ட பொருளை எப்படி அமைக்க வேண்டும் என்று அந்த ஹோலில் நின்று கால் மணித்தியாலம் வகுப்பெடுத்தேன். முதலில் ஆசை காட்ட வேண்டும், கழற்ற மனம் வராத அளவுக்கு ஒரு நன்மை இருக்க வேண்டும், கெடுதல் மெதுவாக வர வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும், உச்சக்கட்டம் பாக்கி இருந்ததால் நிறுத்த முடியவில்லை.

"எல்லாத்தையும்விட முக்கியம், ஆளுக்கு ஏத்த சாபமா இருக்கணும். இத வேற யார் வீட்டுல மாட்டியிருந்தாலும் ஒண்ணுமே நடந்திருக்காது. பெருமை பேசுறவங்க வீட்டுல மட்டுந்தான் இது வேலை செய்யும்."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. கோடாங்கி மெதுவாக மாமாவைப் பார்த்தார். அப்பா பார்த்தார். சிவா மச்சான் பார்க்காமல் இருக்கப் பார்த்து, பார்த்தார். மாமா சிவப்புப் பேனையைத் திறந்து கொப்பியில் எழுதி என் பக்கம் திருப்பிப் பிடித்தார். 'யாரைச் சொல்கிறாய்?'

அக்காவின் ஐந்து வருடம் அந்தக் கேள்விக்குறியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. பொய் சொல்லலாம், காலில் விழலாம். இரண்டும் எனக்கு வரவில்லை.

"உங்கள நெனச்சு எழுதல மாமா. ஆனா உங்களுக்குப் பொருந்துது," என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அத்தை. கதவோரம் நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமலே, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்த அம்மா சிரித்து மச்சானே பார்த்ததில்லையாம். சிரித்து முடித்துவிட்டு, "விமோசனத்த வாசிங்க," என்றார்.

கோடாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எறும்பு எழுத்தை வாசித்தார். மாமா உடனே எழுதினார்: 'எழுத்தில் புகழ்ந்தால் செல்லுமா?' நான் செல்லாது என்றேன். வாய்விட்டு என்று போட்டிருக்கிறது. கோடாங்கி தகட்டை இன்னொருமுறை பார்த்துவிட்டு, "பிள்ள சொல்றதுதான் சரிங்கய்யா. வாயால சொன்னாத்தான் விமோசனம்," என்றார். ஒரு தொழில்காரருக்கு இன்னொரு தொழில்காரர் கொடுக்கும் மரியாதை அது. அவர் மீதிருந்த கோபம் எனக்கு அந்த நிமிடமே போய்விட்டது.

மாமா தொண்டையைச் செருமினார். டொக்டர் சொன்ன இரண்டு கிழமை முடிய இன்னும் சில நாள் இருந்தது, ஆனாலும் ஆள் அடங்கவில்லை. கரகரவென்று, "என் மகன் நல்லவன், ஏன்னா அவன வளத்தது..." என்று ஆரம்பித்தார். "அது பெருமை," என்றார் அத்தை. மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, நாவலப்பிட்டியில் தன்னிடம் படித்த பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்தார். "அதுவும் பெருமைதாங்க." பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு மனிதர் தன்னைவிட்டு வெளியே போக வாசல் தேடித் தேடிக் களைத்துப் போனார். கடைசியில் அக்காவைப் பார்த்தார்.

"இந்தப் புள்ள," என்றார். குரல் உடைந்து உடைந்து வந்தது. "அஞ்சு வருஷம். எங்க ஆளுங்க என்னென்னமோ பேசுனாங்க. நானும் பேசுனேன். இது என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசுனதா யாரும் வந்து சொல்லல. நான் காது குடுத்துத்தான் இருந்தேன். ஒரு வார்த்தையும் வரல. எனக்கு அந்தப் பொறுமை இல்ல."

அதற்கு மேல் குரல் வரவில்லை. அக்கா சேலைத் தலைப்பை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. மச்சான் எழுந்து போய் அக்காவின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார், யாரையும் கேட்கவில்லை. மாமா கொப்பியை எடுத்து, அந்த இரண்டு கோடு இழுத்த பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்துச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டார்.

இனித் தகட்டை ஆற்றில் விட்டுவிடலாம் என்று கோடாங்கி எடுக்கப் போனார். அத்தை முந்திக்கொண்டார்.

"அது இருந்த எடத்துலயே இருக்கட்டும். பத்து நாளா இந்த வீட்டுல நான் பேசுறது எனக்கே கேக்குது."

மாமா ஆட்சேபிக்க வாயைத் திறந்தார். திறந்துவிட்டு மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது அம்மா முதுகில் கிள்ள, நானும் மன்னிப்புக் கேட்டேன். குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. மாமாவின் குரலும் திரும்பியது, முன்னைவிடக் கொஞ்சம் கனமாக. டொக்டர் தன் மருந்து என்கிறார். கோடாங்கி தன் எலுமிச்சம்பழம் என்கிறார். எனக்குத் தெரியும், வாதாடுவதில்லை. தகடு இன்றும் அந்தத் தூணில்தான் இருக்கிறது, சாபமும் அதன் முதுகில்தான் இருக்கிறது. கதை எப்படியோ கண்டிக்குள்ளும் பரவி, கொஞ்ச நாளைக்கு ஆட்கள் வீட்டுப் பெயர்ப்பலகைகளைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார்கள். வேறு யார் யாருடையவோ பெயர்களைக் கண்டுபிடித்துக்கொண்டு கடைக்குச் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி அதற்குப் பிறகு அனித் பெத்த என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. நான் மட்டும் விடவில்லை. இப்போது என் சாபப் பொருட்களை நான் பார்த்தேயிராத ஊர்களில் எல்லாம் மேசையில் வைத்து ஆடுகிறார்கள். அதில் ஒருவர்கூட என்னைக் கத்துக்குட்டி என்று சொன்னதில்லை.

ஆனால் எங்கள் சொந்தத்துக்குள் ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. நான் எதைப் பரிசாகக் கொடுத்தாலும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். குத்துவிளக்கைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். சேலையை உதறி மறுபக்கம் பார்ப்பார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை, மணவறையில் உட்கார்ந்தபடியே, நான் போட்ட மோதிரத்தைக் கழற்றி உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மாவுக்கு இதெல்லாம் மானக்கேடு. எனக்கு அப்படி இல்லை. இத்தனை கவனமாக வாசிக்கும் வாசகர்கள் எந்த எழுத்தாளருக்குக் கிடைப்பார்கள்? அதனால் நான் பின்பக்கத்துக்கும் தனியாக எழுத ஆரம்பித்துவிட்டேன்.

போன மாதம் அக்கா மகளுக்குக் காது குத்தினார்கள். நான் ஒரு வெள்ளிக் கிண்ணம் கொண்டு போனேன். முன்னால் குழந்தையின் பெயர், பூ வேலைப்பாடு. வழக்கம்போல மாமாதான் முதலில் கையில் வாங்கினார். இந்தப் பரிசோதனையில் தனக்குத்தான் அனுபவம் அதிகம் என்பது அவர் எண்ணம். கவிழ்த்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசித்தார். 'இதைத் திருப்பிப் பார்த்தவர் இன்றைக்கு எல்லாத் தட்டுகளையும் கழுவ வேண்டும்.' சபை முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மாமா கிண்ணத்தைப் பத்திரமாகக் குழந்தையின் பக்கத்தில் வைத்துவிட்டு, சேர்ட் கையை மடித்துக்கொண்டு எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் சாப்பிட்ட தட்டோடு பின்பக்கம் போனேன். தட்டுக் கழுவுவதில் தன்னை அடிக்க நாவலப்பிட்டியிலேயே ஆள் கிடையாது என்று குழாயடியில் நின்ற யாரிடமோ அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.